ஓடாத மாமாவும் ஒரு விஞ்ஞானக் கதையும்

2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நான் ஒரு விஞ்ஞானப் புனைகதை எழுதினேன். அதற்கு முன்னர் எழுதியவை எல்லாம் ஊர்க் கதைகள். மருதமுனையில் பிறந்தவனுக்குத் தறிச் சத்தமும் கடல் இரைச்சலும்தானே கதை. ஆனால் சுனாமி வந்து ஒன்றரை வருடம் கடந்திருந்த அந்த நாட்களில் ஊர்க் கதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுத உட்கார்ந்தால் இல்லாமற்போன வளவுகள்தான் கண்ணுக்குள் வந்து நின்றன. ஆகவே எதிர்காலத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

கதைக்குக் 'கடல்காது' என்று பெயர் வைத்தேன். கடலின் அடித்தரையில் கிடந்து, மேலேயுள்ள நீரின் பாரத்தை அளந்து, அலை புறப்பட்டதும் கரைக்குச் சொல்லிவிடும் ஒரு கருவி அது. முழுக்க என் கற்பனை என்று சொல்லமாட்டேன். அடியில் அழுத்தமானி, மேலே மிதவை, அதற்கு மேலே செய்மதி என்று அத்தகைய ஏற்பாடு பசுபிக் சமுத்திரத்தில் அப்போதே இருந்தது. 2004இல் இந்து சமுத்திரத்தில்தான் இருக்கவில்லை. அந்த வருடம் டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, அன்றைய இலங்கை நேரப்படி ஏழு மணிக்கு ஓரிரு நிமிடங்கள் இருக்கையில் சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது. அலை எங்கள் கரைக்கு வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்த ஒன்றரை மணித்தியாலம் எங்களில் எவருக்கும் தெரியாமலே கழிந்து போயிற்று. அதைக் கதையிலாவது ஊருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

கதையில் அந்தக் கருவியின் செய்தி ஒரு மனிதருக்குக் கிடைக்கிறது. அவரை 'மாமா' என்று எழுதினேன். செய்தி கிடைத்ததும் மாமா பாய்ந்து ஓடுகிறார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார். சனம் முழுவதும் பிரதான வீதியைக் கடந்து வயற்பக்கம் போய்விடுகிறது. அலை வந்து வெறும் வீடுகளைத் தின்றுவிட்டுத் திரும்புகிறது. எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். மாமாவும் தப்பிவிடுகிறார்.

உண்மையில் என் உம்மாவின் தம்பியான எங்கள் மாமா அந்தக் காலையில் வபாத்தானார். ஜனாஸா மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

பிரதியை முதலில் ராத்தாவிடம் கொடுத்தேன். ராத்தா இலக்கியக்காரி அல்ல. வானொலி நாடகம் கேட்பார், வாரப் பத்திரிகையில் கதை வந்தால் வாசிப்பார், அவ்வளவுதான். குசினியில் பலகைக் கட்டையில் இருந்தபடி பதினொரு புல்ஸ்கெப் தாள்களையும் வாசித்து முடித்தார். மடித்து என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, மாமாவ நீ காப்பாத்திட்டாய். ஆனா இது மாமா இல்ல. மாமா எந்தக் காலத்தில ஓடின?"

எனக்குக் கோபம் வந்தது. இது விஞ்ஞானக் கதை, இதில் முக்கியம் கருவிதான் என்று அவருக்கு விளக்கம் சொல்ல முற்பட்டேன். அவர் "சரி சரி" என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். பிறகு அந்தக் கதையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். அது பிரசுரமாகவில்லை. ஆசிரியர் ஒற்றை வரியில் ஒரு தபாலட்டை போட்டிருந்தார். கருவியைப் பற்றிய கட்டுரையாக மாற்றித் தந்தால் பரிசீலிக்கலாம் என்பது அதன் சாரம்.

ராத்தாவின் கேள்வியும் அந்தத் தபாலட்டையும் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றன என்பது எனக்கு விளங்கச் சில வருடங்கள் பிடித்தன. அந்த விளக்கத்தையே இங்கு எழுத முனைகிறேன். நம் இளம் எழுத்தாளர்கள் சிலர் இப்போது விஞ்ஞானச் சிறுகதை எழுதுகிறார்கள். அவர்களின் பிரதிகள் என்னிடமும் வருகின்றன. அநேகமானவற்றில் என்னுடைய பழைய 'கடல்காது'தான் வேறு உடுப்போடு நிற்கிறது.

விஞ்ஞானப் புனைகதையில் பாத்திர வார்ப்புக்கு இடமில்லை என்று சொல்வோர் எக்காலத்திலும் உண்டு. கிங்ஸ்லி அமிஸ் 1960இல் இத்துறை பற்றி எழுதிய விமர்சன நூலில், இவ்வகைக் கதைகளில் எண்ணமே நாயகன் என்ற கருத்தைச் சொன்னார். அதை நம்மவர்களும் பிடித்துக்கொண்டோம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை வாசித்த தலைமுறை நாங்கள். ஆனால் அந்த நாவலிலிருந்து இன்றும் எங்கள் நினைவில் நிற்பது எது? ஜீனோ என்ற இயந்திர நாய். அதன் பொறியமைப்பு எவருக்கும் ஞாபகமில்லை, அதன் குணம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. உர்சுலா லெ குவின் 1976இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதே பிரச்சினையை எடுக்கிறார். வேர்ஜீனியா வூல்ஃப் 1924இல், ரயில் பெட்டியின் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண வயோதிபப் பெண்ணுக்கு மிஸிஸ் பிரவுண் என்று பெயர் சூட்டி, நாவல் என்பதே அவரைப் பிடிப்பதற்கான முயற்சி என்ற கருத்தில் எழுதியிருந்தார். அந்த மிஸிஸ் பிரவுணுக்கு விண்கலத்தில் இடம் கிடைக்குமா என்பதுதான் லெ குவினின் கேள்வி.

நாவலுக்கே இது சிக்கலென்றால் சிறுகதையின் நிலை இன்னும் மோசம். இல்லாத ஓர் உலகத்தையும் பத்துப் பக்கத்துக்குள் கட்ட வேண்டும், அதற்குள் ஒரு மனிதரையும் நிறுத்த வேண்டும். உலகத்தைக் கட்ட நின்றால் கதை நகராது. கதையை நகர்த்தினால் மனிதர் பொம்மையாகிவிடுவார். எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள நான் ஒரு மாணவ வழியைக் கையாண்டேன். கொழும்புக்குப் போகும்போதெல்லாம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கில விஞ்ஞானக் கதைத் தொகுதிகளைப் பொறுக்கி வருவேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும், இந்தப் பக்கத்தில் கதைக்குள் எவ்வளவு நேரம் கழிந்தது என்று பென்சிலால் எழுதுவேன். சில பக்கங்களில் 'ஐந்து நிமிடம்' என்று வரும், சிலவற்றில் 'இருபது வருடம்' என்று வரும்.

அப்படி முதலில் பார்த்தது ஆர்தர் சி. கிளார்க்கின் 'நட்சத்திரம்'. 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008இல் கொழும்பிலேயே காலமானவர் என்பதால் அவரை நாம் அரைவாசி நம்மவராகவே கருதுகிறோம். ஹிக்கடுவையில் இருந்த அவரது சுழியோடும் நிலையத்தையும் அதே சுனாமிதான் அழித்தது. 'நட்சத்திரம்' 1955இல் வெளிவந்து, மறுவருடம் ஹியூகோ விருது பெற்றது. வெடித்துச் சிதறிய ஒரு சூரியனை ஆராய்ந்துவிட்டு ஒரு விண்கலம் பூமிக்குத் திரும்புகிறது. கதை சொல்பவர் விண்ணியலாளர், அதேவேளை ஒரு கிறிஸ்தவத் துறவி. அந்தச் சூரியனின் குடும்பத்தில் ஓர் அழகிய நாகரிகம் இருந்ததையும் அது எரிந்து மடிந்ததையும் அவர்கள் கண்டறிகிறார்கள். எரிந்த வெளிச்சம் பூமியின் வானில் எந்த வருடம் தெரிந்திருக்கும் என்று அவர் கணக்கிட்டுவிட்டார். பெத்லகேமின் மேலே தெரிந்ததாகக் கிறிஸ்தவர்கள் சொல்லும் நட்சத்திரம் அதுதான்.

என் பென்சில் குறிப்பின்படி, கதையின் நிகழ்காலத்தில் ஏறத்தாழ ஒன்றுமே நடப்பதில்லை. ஒரு மனிதர் தன் அறையில், சுவரிலுள்ள சிலுவையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பயணம், ஆய்வு, கண்டுபிடிப்பு எல்லாமே நினைவாகச் சுருங்கி ஓடுகின்றன. அவருடைய நம்பிக்கை ஆட்டங்கண்டிருக்கிறது என்பதைக் கிளார்க் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். காரணத்தை மட்டும் கடைசிவரை பிடித்து வைத்திருக்கிறார். ஏன் அவ்வளவு தாமதம்? அந்த மனிதருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்ல முடியாத ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கதையின் நடை மெதுவாக இருப்பதற்குக் காரணம் அவருடைய வேதனைதான். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த நட்சத்திரம் அவர்களுடைய மரபுக்குரியது. ஆனால் ஏன் அந்த உலகம் என்ற கேள்வி நமக்கு அந்நியமானதா? ஏன் இந்தக் கரை, ஏன் இந்தப் பிள்ளைகள் என்று 2005இல் எங்கள் ஊரில் எத்தனை பேர் வாய்க்குள் கேட்டு, உடனே இஸ்திஃபார் செய்துகொண்டார்கள்.

அடுத்துச் சொல்ல வேண்டியது நம் பாரம்பரியத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. வங்காளத்து முஸ்லிம் பெண்மணியான றொக்கெயா சக்காவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில் வெளியானது. பெண்கள் ஆளும் ஒரு நாடு. ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சூரிய வெப்பத்தால் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நேரே நீரை எடுக்கிறார்கள், பறக்கும் வண்டியில் போகிறார்கள். இத்தனையையும் ஒரே மூச்சில் விவரித்திருந்தால் அது வெறும் பட்டியலாகிப் போயிருக்கும். றொக்கெயா என்ன செய்கிறார்? சுல்தானாவை வீதியில் நடக்க வைக்கிறார். திரை இல்லாமல் பகலில் வெளியே நடந்து பழக்கமில்லாதவள் அவள். காலடி தயங்குகிறது. பார்த்தவர்கள், இவள் ஆண்களைப் போல் இருக்கிறாளே என்று சிரிக்கிறார்கள். அந்த நாட்டில் கூச்சமும் பயமும் ஆண்களின் குணங்கள்! அவளுக்கு எது விளங்கவில்லையோ, எதற்கு அவள் அஞ்சுகிறாளோ, அதைத்தான் அவள் கேட்கிறாள். அவள் கேட்டால்தான் விடை வருகிறது, விடையோடு ஒரு கண்டுபிடிப்பும் வருகிறது. வெட்கப்பட்ட ஒரு பெண்ணின் நடைவேகத்தில் அந்த உலகம் திறக்கிறது. 'கடல்காது'வில் என் கருவியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானாகத்தான் ஆறு பக்கம் சொல்லிக்கொண்டே போயிருந்தேன்.

மூன்றாவது, டானியல் கீஸின் 'அல்ஜேர்னனுக்கு மலர்கள்', 1959இல் வந்த சிறுகதை. பின்னர்தான் நாவலாயிற்று. மூளை வளர்ச்சி குறைந்த சார்லி கோர்டனுக்குச் சத்திரசிகிச்சை செய்து அறிவைக் கூட்டுகிறார்கள். அதே சிகிச்சை முன்னரே செய்யப்பட்ட எலிதான் அல்ஜேர்னன். கதை முழுவதும் சார்லி எழுதும் அறிக்கைகள். முதல் அறிக்கைகளில் எழுத்துப் பிழை நிறைந்து கிடக்கிறது. பிறகு பிழை குறைகிறது. கால்புள்ளி என்ற ஒன்றைக் கற்றதும் கண்ட இடமெல்லாம் கால்புள்ளி போடுகிறான். கொஞ்ச நாளில் ஆராய்ச்சியாளர்களை விடவும் அறிவாளியாகிவிடுகிறான். எலிக்கு அறிவு தேயத் தொடங்கும்போது தனக்கும் அதுதான் கதி என்று கணக்கிட்டுக் கொள்கிறான். கடைசி அறிக்கைகளில் பிழைகள் திரும்பி வருகின்றன. கதையின் வேகமும் மனிதனின் மாற்றமும் இங்கே இரண்டு வேலைகளாக இல்லை. எழுத்துப் பிழையே இரண்டையும் செய்கிறது. ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் பையன் தட்டுகளை விழுத்தி உடைக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், சார்லியும் சிரிக்கிறான். பிறகுதான் அந்தப் பையன் முந்திய தன்னைப் போன்றவன் என்பது அவனுக்கு உறைக்கிறது. அந்த இடத்தில் கீஸ் ஓடவில்லை. மாதங்களைத் தாவிச் செல்லும் ஒரு கதை அந்தச் சில நிமிடங்களுக்கு நின்று கொடுக்கிறது. எங்கே ஓடுவது, எங்கே நிற்பது என்பதைச் சிகிச்சையின் விஞ்ஞானம் தீர்மானிக்கவில்லை, சார்லிக்கு எது நோகிறதோ அது தீர்மானிக்கிறது.

ஓர் ஆசிரியர் அந்தக் கதையின் முடிவை மகிழ்ச்சியாக மாற்றித் தரும்படி கேட்டதாகவும் தான் மறுத்துவிட்டதாகவும் கீஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்றும் இத்துறையில் பிரசித்தமானது. டொம் கொட்வினின் 'குளிர்ந்த சமன்பாடுகள்' 1954இல் வந்த கதை. நோயுற்றவர்களுக்கு மருந்து கொண்டுபோகும் ஒரு சிறிய கலம். எரிபொருள் ஓட்டுநருக்கு மட்டும் கணக்காக நிரப்பப்பட்டது. தன் நானாவைப் பார்க்கும் ஆசையில் ஓர் இளம் பெண் அதற்குள் ஒளிந்திருக்கிறாள். அவளுடைய பாரத்தோடு கலம் தரையிறங்க முடியாது. கொட்வின் அவளை எப்படியாவது காப்பாற்றியே கதையை அனுப்பினாராம். ஆசிரியர் ஜோன் கம்பெல் திரும்பத் திரும்ப அதை அனுப்பி வைத்தார், அவள் சாகத்தான் வேண்டும் என்று.

இதை அறிந்தபோது எனக்கு என் மாமா ஞாபகம் வந்தார். நானும் காப்பாற்றினேனே! அது தவறா? இதைப் பல நாள் யோசித்தேன். கம்பெல் சொன்னது முழு நியாயம் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அந்தக் கலத்தின் கதவுக்கு ஏன் ஒரு பூட்டில்லை, ஏன் கொஞ்சம் எரிபொருள் கூடுதலாக வைக்கவில்லை என்று பின்னாளில் பலர் கேட்டார்கள், சரியாகத்தான் கேட்டார்கள். அந்தச் சமன்பாட்டை எழுதியது இயற்கையல்ல, எழுத்தாளர். ஆனால் கதையில் எனக்குப் பாடமானது வேறொன்று. ஓட்டுநர் கலத்தின் வேகக் கணக்கை மாற்றி அவளுக்கு ஒரு மணித்தியாலமளவு அவகாசம் வாங்கிக் கொடுக்கிறார். அந்த நேரத்துக்குள் எதுவும் நடப்பதில்லை. அவள் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறாள். வானொலியில் நானாவோடு கதைக்கிறாள். ஒளிந்து வந்த 'ஒரு பாரம்', அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பிள்ளையாக மாறிவிடுகிறது. என் கையில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அதை நான் ஓட்டத்திலேயே செலவழித்து விட்டிருந்தேன்.

அப்போதுதான் ராத்தாவின் கேள்வி மெய்யாகவே காதில் விழுந்தது. மாமா எந்தக் காலத்தில் ஓடினார்?

மாமா ஒருபோதும் ஓடியதில்லை. அவர் தறிகாரரிடம் சாரன் எடுத்து, சைக்கிள் கரியரில் கட்டி, வீடு வீடாகக் கடனுக்கு விற்றவர். ஐந்து நிமிடத் தூரத்திலுள்ள பள்ளிக்கு அஸருக்குப் புறப்பட்டால் வழியில் நாலு வீட்டில் சுகம் விசாரித்து, ஒரு வீட்டில் பிளேன்டீ குடித்து, கடைசி நேரத்தில்தான் சப்பில் வந்து நிற்பார். சட்டைப் பையில் ஒரு கடன் கொப்பி இருக்கும். வீட்டுக்கொரு பக்கம். அவருடைய சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் கொடுக்க வேண்டியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையை விட்டு "வாப்பா இல்ல" என்று சொல்லச் சொல்வார்கள். மாமாவும் "சரி மகன், வாப்பா வந்தா நான் வந்தெண்டு சொல்லுங்க" என்று உள்ளே கேட்கும்படியாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார். கொப்பி அவரோடு கடலுக்குப் போயிற்று. ஆனால் கத்தம் முடிந்த கையோடு, அகதி முகாமிலிருந்தும் ஆட்கள் எங்கள் வீடு தேடி வந்தார்கள். "மாமாக்கு நான் இவ்வளவு குடுக்கணும்" என்று தாமாகவே தொகை சொல்லி, ராத்தாவின் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். வரமுடியாமற் போனவர்களும் இருந்தார்கள். அவர்களும் அந்தக் காலையில் போனவர்கள்தான்.

கதையை மறுபடி எழுதினேன். கருவிக்கு ஆறு பக்கத்துக்குப் பதிலாக மூன்று வரி. அதை ஒரு சிறுவனின் வாயால், அவசரத்தில், பிழையாகச் சொல்ல வைத்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் முதலிலேயே அறிவித்துவிடுகிறது. அதை மறைத்தால் கொட்வினின் பூட்டில்லாத கதவாகிவிடும். ஆனால் வெயில் எறிக்கும் காலையில், தட்டையாகக் கிடக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு, ஏதோவொரு கருவி சொன்னது என்பதற்காக யார் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்படுவார்? தெரிந்த ஒருவர் வந்து முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே மாமா சைக்கிளை எடுக்கிறார். மணி அடிக்கிறார். மணி கேட்டதும் கதவுகள் சாத்தப்படுகின்றன.

இதற்குமேல் கதையின் வேகத்தை நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மாமா நிற்கத்தான் வேண்டும். "காசுக்கு வரல்ல புள்ள, கடல் வருகுது" என்று சொல்லத்தான் வேண்டும். நம்பாதவர்களுக்குக் கொப்பியைத் திறந்து, அந்த வீட்டுப் பக்கத்தைக் கிழித்து, கதவிடுக்கால் உள்ளே தள்ளுகிறார். அப்போது கதவு திறக்கிறது. ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம், நாலு நிமிடம். மாமாவின் சுபாவமே கடிகாரமாயிற்று. முந்திய பிரதியில் ஒன்றரை மணித்தியாலத்தை ஒரு பக்கத்தில் ஓடிக் கடந்தேன், இதில் எட்டுப் பக்கம் எடுத்தது. ஆனால் வாசித்தவர்கள் இதுதான் வேகமாகப் போகிறது என்றார்கள். எத்தனை பக்கம் கொப்பியில் மிச்சமிருக்கிறது என்பதை வாசகர் எண்ணத் தொடங்கிவிடுகிறார் என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

இளம் நண்பர்களுக்கு இதையெல்லாம் சட்டமாகச் சொல்ல வரவில்லை. மனிதரே இல்லாமலும் பெரிய கதை எழுதலாம். றே பிராட்பரி 1950இல் எழுதிய ஒரு கதையில், அணுகுண்டில் குடும்பம் அழிந்துபோன பின்னரும் அவர்களுடைய தானியங்கி வீடு வேளைக்கு வேளை மணி சொல்லிக்கொண்டு, காலை உணவு தயாரித்துக்கொண்டு இருக்கிறது. 2026 ஓகஸ்ட் 4 என்று தொகுதியில் அதற்குத் திகதியும் போட்டிருந்தார். ஆனால் அந்த வீடு எத்தனை பேருக்குச் சமைக்கிறது, எந்தக் கவிதையை வாசித்துக் காட்டுகிறது, வெளிச்சுவரில் எந்த நிழல்கள் பதிந்திருக்கின்றன என்பதைக் கொண்டே அந்தக் குடும்பத்தை நாம் அறிந்துகொள்கிறோம். ஆளில்லாத கதையிலும் ஆட்களைத் தேடித்தான் போகிறோம். பதினைந்து பக்கத்தில் ஒருவரின் முழு வாழ்க்கையையும் எழுத முடியாது, தேவையுமில்லை. அவர் விடமுடியாத ஒரு பழக்கம் போதும். நீங்கள் கண்டுபிடித்த புதிய உலகம் வந்து அந்தப் பழக்கத்தில் மோத வேண்டும். மோதும் இடத்தில் மெதுவாகச் செல்லுங்கள், மற்ற இடங்களைத் தாவிக் கடவுங்கள். ஒரு கதாபாத்திரத்தின் பெயரை வெட்டிவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் கதை அப்படியே ஓடுகிறதென்றால், என் பழைய மாமாவைப் போல அவரும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவர்.

இரண்டாவது பிரதியையும் ராத்தாவிடம்தான் முதலில் கொடுத்தேன். அந்தப் பிரதி, கொப்பியில் இன்னும் நாலு பக்கம் இருக்கும்போது முடிகிறது. மாமா சைக்கிளை அடுத்த கடப்படியில் சாய்த்துவிட்டு மணியடிக்கிறார். அவர் தப்பினாரா என்று நான் எழுதவில்லை.

ராத்தா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது மாமாதான்" என்றார். பிறகு, "அந்த நாலு பக்கமும் ஆர்ட வீடெண்டு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, நாலு பெயர்களைச் சொன்னார்.

நான் எழுதும்போது மனதில் வைத்திருந்தது வேறு நாலு வீடுகள்.